வுதரிங் ஹைட்ஸா, ஜேன் ஐரா: எந்தப் பழைய படம்?

எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்', அவருடைய அக்கா சார்லட்டின் 'ஜேன் ஐர்' இரண்டும் 1847-இல் வந்த நாவல்கள். எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டையும் படித்து முடித்ததும், ஹாலிவுட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒன்றைப் போடலாம், எது என்று கேட்டார்கள். 'ஜேன் ஐர்' என்றேன்.

நடிப்பில் குறையில்லை. 1939 படத்தில் லாரன்ஸ் ஒலிவியே, மெர்ல் ஓபரான். 1943 படத்தில் ஆர்சன் வெல்ஸ், ஜோன் ஃபான்டெய்ன். ஒளிப்பதிவில் 'வுதரிங் ஹைட்ஸ்' ஒரு படி மேல்; கிரெக் டோலண்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். நான் அதை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். பெரிய திரையில் பார்த்தவர்கள் அதற்காகவே அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் மறுக்கமாட்டேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது, நாவலில் எதை வெட்டினார்கள் என்பது. இயக்குநர் வில்லியம் வைலரின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாயகி கேத்தி இறந்ததும் நேராக அவளைக் காதலித்த ஹீத்கிளிஃபின் சாவுக்குத் தாவிவிடுகிறது. நாவலில் அவள் சாவு பாதிவழிதான். பின்பாதியில் அவன் அடுத்த தலைமுறையைப் பழிவாங்குகிறான்: கேத்தியின் அண்ணன் மகன் ஹேர்ட்டனை எழுத்தறிவில்லாமல் வளர்க்கிறான், கேத்தியின் மகளை அடைத்துவைத்துத் தன் மகனுக்குக் கட்டிவைக்கிறான். இதெல்லாம் போனபின் மிஞ்சுவது காதலில் தோற்ற ஒரு கதாநாயகன். எமிலி எழுதிய ஆள் அவனல்ல. போதாக்குறைக்கு, முடிவில் காதலர்களின் ஆவிகள் சேர்ந்து நடந்துபோகின்றன. வைலர் எடுக்க மறுத்த காட்சி அது. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் வேறு ஆளை வைத்து எடுத்து ஒட்டினார்.

ராபர்ட் ஸ்டீவன்சனின் 'ஜேன் ஐர்' படமும் வெட்டுக்குத் தப்பவில்லை. நாவலில் ஜேனுக்கு அடைக்கலம் தரும் ரிவர்ஸ் குடும்பம் இல்லை, ஜேனுக்கு வந்துசேரும் 20,000 பவுண்டு சொத்தும் இல்லை. அந்தப் பணம் இருப்பதால்தான் நாவலில் அவள் யார் தயவும் வேண்டாதவளாக, முன்பு வேலை பார்த்த வீட்டின் முதலாளியும் தன் காதலனுமான ராச்செஸ்டரிடம் திரும்புகிறாள். அது போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆனால் ஜேன் சிறுவயதில் படித்த லோவுட் பள்ளியை அவர்கள் விடவில்லை. அங்கே ஜேனின் தோழி ஹெலனாக வரும் சிறுமி எலிசபெத் டெய்லர். டைட்டிலில் பெயர்கூட இல்லை. ஹெலனின் சுருள்முடியை வெட்டச் சொல்கிறார் பள்ளியை நடத்தும் பிராக்கிள்ஹர்ஸ்ட். நாவலில் அது வேறொரு மாணவியின் முடி. ஹெலனுக்கு மாற்றியதால் ஜேனின் கோபம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. பிறகு தண்டனையாக இரண்டு பிள்ளைகளும் மழையில் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். அநியாயத்துக்குப் பணியாத இந்தச் சிறுமி ஜேனைப் பார்த்தவருக்கு, ராச்செஸ்டரின் மனைவி உயிரோடு இருப்பது தெரிந்ததும் ஜேன் ஏன் அந்த வீட்டைவிட்டுப் போகிறாள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும்: படத்தின் தொடக்கத்தில் புத்தகப் பக்கம் ஒன்று திரையில் விரியும். அந்த வரிகள் படத்துக்காக எழுதியவை, நாவலில் தேடாதீர்கள்.