ஆணி இல்லாம ஆப்பு வச்சு செஞ்ச தேக்கு ஸ்டூல், நாலு வருஷம் கழிச்சு எப்படி இருக்கு

மொதல்ல விஷயத்தை சொல்லிடுறேன், ஸ்டூல் ஆடல, ஒரு ஜாயின்ட் கூட விடல. 2021-ல செஞ்சது, ஒரு இரும்பு ஆணி கிடையாது ஸ்க்ரூ கிடையாது, நாலு காலும் பலகையைத் துளைச்சு மேல வந்து ஆப்பு அடிச்சு நிக்குது. அம்மா அதுல உக்காந்துதான் காய் நறுக்குறாங்க, பரண்ல இருந்து அண்டா இறக்க நான் ஏறி நிக்கிறதும் அதுலதான், மேலூர்ல இருந்து வர்ற பெரியப்பா நல்ல கனமான ஆளு, சுவத்துல சாஞ்சு முன்கால் ரெண்டையும் தரையை விட்டுத் தூக்கி உக்காந்தே மத்தியானம் பூரா பேசுவாரு. ஜாயின்ட்டுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை இல்ல. சாஞ்ச கால் வச்சு ஸ்டூல் செய்யலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

பாதி வேலை மரம் தேடுறதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய செட்டிநாட்டு வீட்டுச் சாமான் விக்கிற கடைங்க இருக்கும்ல, அங்கிட்டு வாங்குன தேக்கு உத்தரத் துண்டுலதான் பலகையும் காலும் எடுத்தேன். அவ்வளவு தூரம் போகணும்னு இல்ல, மதுரையிலயே பழைய வீடு இடிக்கிற எடத்துல சொல்லி வச்சா நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் கிடைக்கும். பழைய மரத்துல உடைஞ்ச ஆணி உள்ள ஒளிஞ்சிருக்கும், ஒரு காந்தத்தை வச்சு தடவிப் பாத்துட்டு அப்புறம் இழைப்புளி போடுங்க, இல்லாட்டி பிளேடு போயிரும். ஏன் பழைய மரம்னா, மரம் நீளவாக்குல சுருங்குறது ரொம்ப ரொம்பக் கம்மி, அகலத்துலயும் கனத்துலயும்தான் சுருங்கும் விரியும், ஈரம் உள்ள கால்ல கழுந்து, அதாவது துளைக்குள்ள ஏறுற முனை, செதுக்கி ஏத்துனா முதல் சித்திரை வெயில்லயே கழுந்து மெலிஞ்சு துளைக்குள்ள லொடலொடன்னு ஆட ஆரம்பிச்சிரும், எந்தப் பசையும் அதைக் காப்பாத்தாது. ஆப்புக்கு மட்டும் கருவேலம், முன்னாடி கலப்பைக்கும் வண்டிச் சாமானுக்கும் போட்ட மரம், அவ்வளவு உறுதி.

இப்ப கஷ்டமான எடம். காலு ரெண்டு பக்கமும் சாய்வு, முன்னாடியும் வெளியே போகும் பக்கவாட்டுலயும் வெளியே போகும், பக்கத்துக்கு 10 டிகிரி. பலகை ஒன்றரை இஞ்சு கனம், அப்ப மேல் துளை கீழ் துளையை விட கிட்டத்தட்ட 2 நூல், அதாவது கால் இஞ்சு, உள்ள தள்ளி வரும், அதுவும் ரெண்டு தெசையிலயும். இதை மேல ஒருக்கா கீழ ஒருக்கா தனித்தனியா கீறிக்கிட்டு ரெண்டு பக்கமும் உளி போட்டு நடுவுல வந்து சேரணும், ஒரே பக்கமா குத்திக்கிட்டே போனா அடியில மரம் சிலும்பாப் பேந்துரும். இன்னொன்னு, சதுரமான காலை ரெண்டு பக்கம் சாய்ச்சா பலகையில விழுற துளை சரியான சதுரமா இருக்காது, மூலைமட்டத்துக்கு ஒண்ணேமுக்கால் டிகிரி போல கோணலா வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா சதுரமாவே வெட்டிட்டா கழுந்து எதிரெதிர் மூலை ரெண்டுல இறுகி மத்த ரெண்டு மூலையில இடைவெளி விடும். அதனால கணக்குப் போட்டு மெனக்கெடுறதை விட, ஒரு கட்டையை அதே சாய்வுல அறுத்து வழிகாட்டியா பக்கத்துல வச்சு உளியை அதோட ஒட்டி இறக்குறதுதான் நல்லது.

வில்லாபுரத்துல ஒரு பெரியவர், தச்சு வேலையிலயே தலை நரைச்சவரு, அவர்ட்ட நான் கத்துக்கிட்டது ரெண்டு. ஒண்ணு காதால வேலை பாக்குறது. "தம்பி, கொட்டாப்புளியால தட்டுறப்ப சத்தத்தைக் கேளு, டக்கு டக்குன்னு வந்தது டொம்முண்டு கனத்துப் போச்சுன்னா கழுந்து உக்காந்துருச்சு, அதுக்கு மேல ஒரு அடி அடிச்சாலும் பலகைதான் வெடிக்கும்"ன்னாரு. உண்மைதான், மூணாவது கால் ஏத்துறப்பவே கையைவிட காது முந்திக்குது.

ரெண்டாவது ஆப்போட தெசை, இதை மட்டும் மறக்காதீங்க. கழுந்து தலையில ரம்பத்தால கீறல் போடுறோம்ல, அது பலகை ரேகைக்குக் குறுக்க இருக்கணும். அப்பத்தான் ஆப்பு இறங்குறப்ப நெருக்கம் ரேகை ஓடுற வாக்குல போய் தாங்கும். ரேகையோட சேர்த்து கீறல் போட்டா ஆப்பு கழுந்தை விரிக்கிறப்ப பலகையையும் சேர்த்துப் பொளந்துரும். பெவிகாலும் தடவுனேன்தான், ஆனா துளையோட நாலு சுவர்ல ரெண்டு மரத்தோட வெட்டுவாய்ப் பக்கம், அதாவது ரேகை குறுக்க வெட்டுப்பட்ட முகம், அங்க பசை சரியாவே பிடிக்காது, அதனால ஆப்புதான் தாங்குதுன்னு வச்சுக்கங்க. கீழ குறுக்குச் சட்டங்களுக்கு மூங்கில் ஆணி, அந்தக் காலத்து நிலைக்கதவுல பாத்திருப்பீங்க. கால்ல போட்ட ஓட்டைக்கும் கழுந்துல போட்ட ஓட்டைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் வச்சு, கழுந்து ஓட்டையை கழுந்து தொடங்குற பக்கமா தள்ளிப் போடணும், ஆணி இறங்குறப்பவே சட்டத்தை இழுத்து இறுக்கிரும், கிளாம்ப்பே தேவைப்படாது.

வருஷக்கணக்கா புழங்குனதுல எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போன விஷயம் ஒண்ணு இருக்கு. செஞ்சப்ப கழுந்து தலை நாலையும் பலகையோட சமமா இழைச்சு விட்டேன், கண்ணை மூடித் தடவுனா தெரியாது. சித்திரை வைகாசியில தடவுனா நாலு எடத்துல விரல் லேசா தட்டுது. பலகை கனத்துல சுருங்குது, கழுந்துல ரேகை நின்னவாக்குல இருக்கிறதால அது நீளத்துல சுருங்கல, அதான் தலை தூக்குது. ஐப்பசி கார்த்திகை மழை வந்ததும் பலகை ஊறி மறுபடி சமமாயிரும். போன ரெண்டு வருஷமா அந்தத் தட்டல் கம்மியாயிருக்கு. சிலர் இதைப் பாத்துட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு விடுவாங்க, வேணாம், மழைக்காலத்துல அங்க குழி விழும். காத்து ஈரத்துக்கு மரம் இப்படித்தான் அசையும், அது குறை இல்ல, அந்த அசைவுக்கு எடம் குடுத்து ஜாயின்ட் இருந்தாப் போதும்.

வார்னிஷ் அடிக்கல, லின்சீட் ஆயில்தான், ஆளிவிதை எண்ணெய். காய ரொம்ப நேரம் எடுக்கும், ஆனா கீறல் விழுந்தா அந்த எடத்துல மட்டும் திரும்பத் தடவிக்கலாம். ஒரு எச்சரிக்கை, அந்த எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டி மூலையில போடாதீங்க, தானா சூடேறி தீப்பிடிக்கும், நம்ம ஊரு வெயிலுக்கு சொல்லவே வேணாம். விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் எறியுங்க. காலோட அடிப்பக்கத்துக்கு வருஷம் ஒருக்கா தேன்மெழுகு தேய்க்கிறேன், வீடு கழுவுறப்ப தண்ணியை உறிஞ்சுறது அந்த வெட்டுவாய்தான்.

குறைன்னு பாத்தா, கால் பலகையை விட வெளிய நீட்டி நிக்கிறதால ராத்திரி லைட் போடாம நடந்தா சுண்டுவிரல்ல இடிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்க முடியாது. தட்டையான பலகை, ரொம்ப நேரம் உக்காந்தா உறுத்துது, லேசா குழிவா செதுக்குனா நல்லாருக்கும், ஆனா ஏறி நிக்கிறதுக்கு தட்டைதான் வசதி, எனக்கு அதுதான் முக்கியம். காசுன்னு பாத்தா பிளாஸ்டிக் ஸ்டூல் ரொம்ப மலிவுதான், ஆனா வெயில்ல கெடந்து வெளுத்து ஒருநாள் கால் விரிசல் விட்ட பிளாஸ்டிக் ஸ்டூலை ஒட்டவும் முடியாது இழைக்கவும் முடியாது. இதுல ஒரு ஆப்பு தளர்ந்தாக்கூட வேற ஆப்பு சீவி அடிச்சுக்கலாம்.

அடுத்து பெரியப்பா வீட்டு முத்தத்துக்கு மூணு கால் வச்சு ஒண்ணு செய்யணும், மண் தரை மேடு பள்ளமா இருக்கும், மூணு கால்னா எங்க வச்சாலும் ஆடாம உக்காரும். காலுக்கு பூவரசு போடலாம்னு துண்டு வாங்கி மாடி ரூம்ல காத்தோட்டமா அடுக்கி வச்சிருக்கேன். இப்போதைக்கு உள்ள ஈரம் இருக்கு, அது தீரட்டும், பலகைக்கு பழைய தேக்கு யாருட்டயாவது ஒன்றரை இஞ்சுல இருந்தா சொல்லுங்க.