நிற்கிற வண்டிக்கு எந்த டீசல்?

கேரவன் என்றால் நம் ஊரில் சினிமாக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். என்னுடையது அந்த ரகம் இல்லை. கைமாறி வந்த டெம்போ டிராவலர், பிஎஸ்4 என்ற பழைய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டி. பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக் கட்டியது. வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் நிற்கும். வருடத்துக்கு ஏழெட்டுப் பயணம் போனால் அதிகம். மற்ற நாளெல்லாம் தெருப் பூனை அதன் கூரையில் தூங்கும்.

இந்த வண்டிக்கு எந்த டீசல் சரி என்பதில் நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. சாதா டீசல் போதும் என்பது ஒரு கட்சி. பிரீமியம் போட்டால்தான் இன்ஜின் நிலைக்கும் என்பது இன்னொன்று. பயோ டீசல் மலிவு, புகையும் குறைவு என்று ஒருவர். சாதா டீசலே போட்டு மேலே ஒரு பாட்டில் அடிட்டிவ், அதாவது டீசலில் கலக்கும் மருந்து, ஊற்று என்று மற்றொருவர். நான்கையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன்.

சாதா டீசலைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம் பழையது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பங்க்குகளில் கிடைப்பது பிஎஸ்6 டீசல். பிஎஸ்4-இல் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம். இதில் 10 பங்குதான். டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பது விதி. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் குறைந்துவிடும் என்பது உண்மைதான். அதனால்தான் பழைய வண்டிக்காரர்கள் சிலர் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கொஞ்சம் கலந்து ஊற்றுகிறார்கள். ஆனால் டீசலுக்கான ஐஎஸ் 1460 தரத்திலேயே வழவழப்புக்கு ஒரு சோதனை உண்டு. அதில் உலோகத்தின் மேல் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அந்தக் குறையைச் சரிசெய்த பிறகுதான் டீசல் பங்க்குக்கே வருகிறது. அதிக அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் காமன் ரயில் வண்டியில் போய் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றுவது வேண்டாத வேலை.

பிரீமியத்தில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெட்ரோலுக்கு ஆக்டேன், டீசலுக்கு சீட்டேன். ஆக்டேன் என்பது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் குணம். சீட்டேன் நேர் எதிர். தெளித்த உடனே எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது என்பதுதான் கணக்கு. இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராகிரீன் போன்ற பிரீமியம் டீசல்களும் பிஎஸ்6 டீசல்தான். அதோடு டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் கரி படியாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து முதலான சில சரக்குகள் சேர்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் கொஞ்சம் மென்மையாகக் கேட்டது என்று எனக்குத் தோன்றியது. காசு கொடுத்துப் போட்ட காதுக்கு அப்படிக் கேட்டிருக்கவும் கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதா டீசல் 92 ரூபாய், பிரீமியத்துக்கு 4 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். போட்ட காசு திரும்பி வர மைலேஜ் சுமார் 4.3 சதவீதம் ஏற வேண்டும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 10.43 கொடுக்க வேண்டும். கூரையில் சோலார் பலகையும் சைக்கிளும் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் போகிற என் வண்டியில், 80-க்குப் பதில் 90-இல் போனாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது. மூன்று பயணம் டேங்க்குக்கு டேங்க் நோட்டில் எழுதிப் பார்த்தேன். மைலேஜை வைத்துப் பிரீமியத்தை நியாயப்படுத்த முடியவில்லை. பாட்டில் அடிட்டிவுக்கும் இதே தீர்ப்புதான். அளவு பார்த்து ஊற்றும் தொல்லை வேறு.

பயோ டீசல் கதை வேறு. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். மல்லாட்டை விளையும் மாவட்டத்துக்காரனுக்கு இதைக் கேட்டால் ஒரு பெருமை வரத்தான் செய்யும். அந்த ஆசையில்தான் நானும் விழுந்தேன். இன்றைய பயோ டீசல் நேரடி எண்ணெய் அல்ல. எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்துப் பிரித்தெடுத்த எஸ்டர். பங்க் டீசலிலேயே 7 சதவீதம் வரை அது இருக்கலாம் என்று ஐஎஸ் 1460 அனுமதிக்கிறது. அதற்கு மேல் கலப்பதானால் வண்டி செய்த கம்பெனி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஒரு விற்பனையாளரிடம் விலை மலிவாக இருக்கிறதென்று வாங்கி, டேங்கில் பாதிக்குப் பாதி கலந்துகொண்டு ஏலகிரிக்குக் கிளம்பிவிட்டேன்.

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். புலவர்களைத் தாண்டி வள்ளல்கள் பக்கம் திரும்பும்போது பிக்கப் போய்விட்டது. வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. வள்ளல்கள் யாரும் இறங்கி வந்து உதவவில்லை. வாணியம்பாடியிலிருந்து ஒரு மெக்கானிக் பாய் புது ஃபில்டரை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். பழையதை அறுத்துக் காட்டினார். உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"போச்சு பாய், பயோ டீசல் இன்ஜினைக் கெடுத்துடுச்சா?" என்றேன்.

"அதைத் திட்டாதீங்க சார். உங்க டேங்குல கிடந்த அழுக்கை அது கரைச்சி வாரிக்கினு வந்திருக்கு. டெய்லி ஓடுற வண்டியில இவ்ளோ அழுக்கு சேராது. இது நிக்கிற வண்டி."

அந்தக் கடைசி வார்த்தைதான் என் கணக்கையே மாற்றியது. நாங்கள் எல்லோரும் டீசல் எரியும்போது என்ன நடக்கிறது என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கேரவனில் டீசல் எரிகிற நேரத்தைவிட டேங்கில் சும்மா கிடக்கிற நேரம்தான் அதிகம். பாதி காலியான டேங்கில் காற்று இருக்கும். பகலில் சூடேறி ராத்திரி குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் தகட்டில் வியர்த்துச் சொட்டும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழவென்று கசடு கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் நிறுத்திவைத்தால் இந்த வேலையெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். பயோ டீசல் சாதா டீசலைவிட அதிக ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் கெட்டும் போகும். தினமும் ஓடும் பஸ்ஸுக்கு அது பொருந்தலாம். என் காலிமனைக்கு ஆகாது.

ஆகவே இப்போது நான் முதலில் பார்ப்பது டீசல் ரகத்தை அல்ல, பங்க்கை. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையில் நிற்கும் பங்க்கில் சரக்கு தேங்காது. ஆள் வராத பங்க்கில் பிரீமியம் டேங்க் எத்தனை நாளாக அப்படியே இருக்கிறதோ! சந்தேகம் வந்தால் அடர்த்தியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், நமக்கு அந்த உரிமை உண்டு. ஜாடியில் அளந்து 15 டிகிரிக்கு மாற்றிய எண்ணுக்கும் பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது.

விலையும் ஊருக்கு ஊர் மாறும். திருப்பதிக்குப் போனால் காட்பாடியிலேயே நிரப்பிக்கொள்வேன், ஆந்திராவில் விலை கூட. பெங்களூரு பக்கம் போனால் ஓசூர் தாண்டுகிற அளவுக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளலாம். புது பிஎஸ்6 வண்டியில் டெஃப் டேங்க் இருந்தால் அது தனி. புகையைச் சுத்தமாக்க உதவும் 32.5 சதவீத யூரியாக் கரைசல் அது. அவசரத்தில் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

குளிர்நாட்டுப் பயணம் இருந்தால் மட்டும் ரகம் முக்கியமாகிறது. டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் உறைந்து ஃபில்டரை அடைக்கும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அந்தக் கவலை நமக்குக் கிடையாது. ஆனால் இங்கே நிரப்பிய டீசலோடு குளிர்காலத்தில் லடாக் ஏறினால் மாட்டிக்கொள்வோம். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. தெற்கு டீசலைக் கீழேயே தீர்த்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, பிரீமியத்தை முற்றிலும் கைவிட்டேனா? இல்லை. ஓடுகிற பயணம் முழுக்கச் சாதா டீசல். பயணம் முடிந்து திரும்பும்போது, வாலாஜா தாண்டி வீடு வருவதற்குள், சரக்கு நகரும் பங்க்காகப் பார்த்துப் பிரீமியத்தை கழுத்துவரை நிரப்புவேன். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை என்பது நிச்சயமான லாபம். துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து அதில் இருந்தால் உபரி. அப்புறம் மாதம் ஒரு முறை டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கிறேன். போன வாரம் பிடித்ததில் தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை. பூனைதான் கூரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.