பிரவுசருக்குள் கோடிங்: கோட்ஸ்பேசஸ் நீண்ட நாள் அனுபவம்

கிளவுடில் ஓடும் கணினியில் கோடு எழுத உதவும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸை அன்றாட வேலைக்கே பயன்படுத்தி வருகிறேன். ரெப்போ (ப்ராஜெக்டின் கோப்புகள் இருக்கும் இடம்) பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் விஎஸ் கோட் எடிட்டர் பிரவுசரிலேயே திறந்துவிடும். ஆனால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி டெவ்கன்டெய்னர்.ஜேசன் (devcontainer.json) என்ற ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது.

எந்த டாக்கர் இமேஜ் (கோடு ஓடும் கன்டெய்னர் என்ற தனிச் சூழலுக்கான அச்சு), எந்த எக்ஸ்டென்ஷன்கள், எந்தப் போர்ட்டுகள் (ஓடும் சர்வரை அணுகும் எண்ணிட்ட வாசல்கள்) என்று எல்லாமே அந்தக் கோப்பில்தான். கோட்ஸ்பேஸ் உருவானதும் ஒரு தடவை ஓடவேண்டிய கட்டளைகளைப் போஸ்ட்கிரியேட்கமாண்டில் எழுதலாம். என் பேக்கேஜ்கள் அப்படித்தான் இறங்குகின்றன. கன்டெய்னரை ரீபில்ட் செய்தால் (மறுபடி உருவாக்கினால்), டெர்மினலில் கையால் நிறுவியவற்றில் ஒர்க்ஸ்பேசஸ் ஃபோல்டருக்கு வெளியே இருப்பவை பெரும்பாலும் போய்விடும். அதனால் எது தேவைப்பட்டாலும் முதலில் கோப்பில் எழுதிவிடுங்கள். ஏபிஐ கீ போன்ற ரகசியங்களை மட்டும் அதில் வைக்கவே கூடாது. அவற்றுக்குக் கணக்கு அமைப்பில் சீக்ரெட்ஸ் என்று தனி இடமே இருக்கிறது.

புதியவர்கள் அதிகம் திணறுவது போர்ட் விஷயத்தில்தான். ஃப்ரன்ட்எண்ட் (பயனர் பார்க்கும் பக்கம்) 5173 போர்ட்டில், பேக்எண்ட் (பின்னால் தரவு தரும் சர்வர்) 8000இல் ஓடுகிறது என்று வையுங்கள். ஃப்ரன்ட்எண்ட் கோடில் லோக்கல்ஹோஸ்ட் 8000 என்று எழுதியிருந்தால், பிரவுசர் தேடுவது உங்கள் சொந்தக் கணினியை. சர்வரோ எங்கோ கிளவுடில் ஓடுகிறது. சரி, கோட்ஸ்பேசஸ் அந்தப் போர்ட்டுக்குத் தரும் இணைய முகவரியையே (ஃபார்வர்டு ஆன முகவரி) கொடுத்துவிடலாம் என்றால், போர்ட் இயல்பாகவே பிரைவேட் என்பதால் கோரிக்கை லாகின் பக்கத்துக்குத் திரும்பி, கன்சோலில் கார்ஸ் பிழை (வேறு முகவரியின் பதிலைப் பிரவுசர் தடுப்பது) வந்து நிற்கும். பலரும் உடனே போர்ட்டைப் பப்ளிக் ஆக்கிவிடுகிறார்கள். முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃப்ரன்ட்எண்டை ஓட்டும் கருவியான வீட்டின் (Vite) கான்ஃபிகில் ஒரு ப்ராக்ஸி (கோரிக்கையை இடையில் வாங்கிக் கைமாற்றும் அமைப்பு) வரி போட்டாலே போதும். கோரிக்கை முதலில் ஃப்ரன்ட்எண்ட் சர்வருக்கு வரும், அது கன்டெய்னருக்குள்ளேயே 8000ஐக் கூப்பிட்டுக்கொள்ளும். நான் எல்லா ப்ராஜெக்டிலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இலவச ஒதுக்கீடு கட்டணமில்லாத தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி (கோர் எண்ணிக்கையை ஓடிய மணியால் பெருக்கியது). இரண்டு கோர் மெஷினில் அது 60 மணி நேரம். நாலு கோர் எடுத்தால் 30தான், ஆகவே சின்ன வேலைகளுக்கு இரண்டே போதும். கோட்ஸ்பேஸைச் சும்மா விட்டால், இயல்பான அமைப்பில் 30 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். நான் எழுந்து போகும்போதே நிறுத்திவிடுவேன். நின்றிருக்கும் கோட்ஸ்பேஸும் ஸ்டோரேஜைத் தின்னும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்னொன்று: நிறுத்தி 30 நாள் தொடாமல் விட்டால், இயல்பான அமைப்பில் அது அழிக்கப்படும். புஷ் செய்யாத (கிட்ஹபுக்கு அனுப்பாத) கமிட்டும், அதாவது பதிந்துவைத்த மாற்றமும், கூடவே போகும். அதனால் தினமும் வேலையை முடிக்கும்போது, அரைகுறைக் கோடாக இருந்தாலும் தனி பிராஞ்சில் (கிளைப் பிரதியில்) புஷ் செய்துவிடுவது என் பழக்கம்.

கீபோர்டு ஷார்ட்கட்டுகள் சில பிரவுசரோடு மோதும். கன்ட்ரோல்-டபிள்யூ அழுத்தினால் ஃபைலுக்குப் பதில் டேபே மூடும். கோட்ஸ்பேஸைப் பிரவுசர் வழியாக ஆப்பாக நிறுவித் தனி விண்டோவில் திறந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அவர்களும் அந்த டெவ்கன்டெய்னர் கோப்பை எழுதி வைக்கலாம். டாக்கர் இருந்தால், சொந்தக் கணினியில் உள்ள விஎஸ் கோடிலும் அதே கோப்பை வைத்து அதே சூழலைத் திறந்துகொள்ளலாம்.