வெளிமாநிலத்திலிருந்து டெல்டாவுக்குக் குடிவர எந்த ஊர்? நான்கு ஊர்களின் மதிப்பீடு

பெங்களூரையோ கொச்சியையோ விட்டுவிட்டுக் காவிரிக்கரைப் பக்கம் குடிவர நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். பெங்களூரில் கொடுத்த வாடகையோடு ஒப்பிட்டால் இங்கே எந்த ஊரும் மலிவுதான். வீட்டில் வயதானவரோ, வாக்கர் பிடித்து நடப்பவரோ, சக்கர நாற்காலியில் இருப்பவரோ உண்டென்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்று: மனை மேட்டிலா, பள்ளத்திலா?

டெல்டாவில் புதிதாக முளைத்த நகர்களில் பெரும்பாலானவை வயலைத் தூர்த்துப் போட்டவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே வராமலிருக்க பேஸ்மட்டத்தை மூன்றடி, நாலடி உயர்த்திக் கட்டுகிறார்கள். ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டுப் போனால், அடுத்து வீடு கட்டுகிறவர் இன்னும் அரையடி ஏற்றுவார். சாய்தளத்துக்கான கணக்கோ ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஏழு அங்குலப் படி மூன்று இருந்தால் 21 அடி வேண்டும். மூன்றடி பேஸ்மட்டத்துக்கு 36 அடி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளமும் வேண்டும். வாசலுக்கும் ரோட்டுக்கும் இடையே ஐந்தடிதான் இருக்கும். "அதுலேயே போட்டுத் தரேன்" என்பார் கொத்தனார். அப்படிப் போட்டால் கிடைப்பது சறுக்குமரம். பின்னால் பிடித்துத் தள்ளுகிறவருக்கும் ஆபத்து. வீடு மலிவு என்று சொன்ன புரோக்கர் இதைச் சொல்லமாட்டார்.

இந்தக் கணக்கில் பார்த்தால் முதலிடம் தஞ்சாவூருக்கு, அதிலும் ஊரின் மேற்கு, தென்மேற்குப் பக்கத்துக்கு. மெடிக்கல் காலேஜ் ரோடு, ஈஸ்வரி நகர், பிள்ளையார்பட்டி, அப்படியே வல்லம் வரை நிலம் மெல்ல மேடேறுகிறது. களிமண் போய்ச் செம்மண் வருகிறது. தண்ணீர் தேங்காது, ஓடிவிடும். அதனால் ஒன்று, இரண்டு படியோடு முடிகிற தரைத்தள வீடுகள் இந்தப் பக்கம் தேடினால் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இதே பக்கம். வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்கோ டயாலிசிஸுக்கோ போகிறவருக்கு ஆட்டோ செலவுதான் உண்மையான வாடகை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகை கூடுதல் என்று ஊருக்கு வெளியே போகிறவர்கள், மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

கரந்தை, கீழவாசல், மேலவீதி பக்கம் பழைய ஊர். கடைத்தெரு, கோயில், காய்கறி எல்லாம் காலடியில். ஆனால் தெரு குறுகல், வண்டி நிறுத்த இடமில்லை. நடக்க முடிந்தவருக்கு அது சுகம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

தஞ்சாவூரின் இன்னொரு பலம் ரயில். மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக வரும் மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ் (இப்போது கடலூர் வரை போகிறது) திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று வரும். எர்ணாகுளம்–காரைக்கால் ரயில் பாலக்காடு, கோவை, திருச்சி, தஞ்சாவூர் வந்து, அங்கிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் என்று பிரிந்துவிடும். இரண்டும் தொடுகிற ஜங்ஷன் தஞ்சாவூர். கும்பகோணத்தில் வீடு பார்த்தால் கேரளாக்காரர் தஞ்சாவூரில் இறங்கி வண்டி மாற வேண்டும். திருவாரூரில் வீடு பார்த்தால் அந்த மைசூர் ரயிலில் வரும் பெங்களூர்க்காரருக்கு அதே கதை. சக்கர நாற்காலியோடு மாறுவது எவ்வளவு பாடு என்பது மாறியவர்களுக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி பெரும்பாலும் ரயிலின் ஏதாவது ஒரு கோடியில் இருக்கும். எந்தக் கோடி என்பதை ஏறுகிற ஸ்டேஷனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்டேஷன்களில் ரயில் நிற்பது ஓரிரு நிமிடம்தான். விமானம் வேண்டுமென்றால் திருச்சி; தஞ்சாவூரிலிருந்து 55 கிலோமீட்டர் சுமார், நான்குவழிச் சாலை.

குறையும் உண்டு. புதிய பஸ் ஸ்டாண்டு ஒரு பக்கம், பழையது ஒரு பக்கம். வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊருக்குள் வர இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவரோடு வரும் துணைக்கும் டிக்கெட் கிடையாது, நல்ல திட்டம்தான். ஆனால் படி உயரமான பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏறாது. ஒரே ஆட்டோக்காரரை மாதக் கணக்கில் பேசி வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. மடக்கு நாற்காலி பின்சீட்டுக்குப் பின்னால் நிற்குமா என்று பார்த்துவிட்டு ரேட்டைப் பேசுங்கள்.

கும்பகோணத்தை யாருக்குத்தான் பிடிக்காது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் ஊர் கையடக்கமாக இருக்கிறது. காபி, வெற்றிலை, பாத்திரம், துணி, டாக்டர் எல்லாம் பத்து நிமிட நடையில். கால் நன்றாக இருக்கும் ஓய்வூதியத் தம்பதிக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். ஆனால் பழைய வீடுகளைப் பாருங்கள்: தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி, திண்ணையிலிருந்து ரேழிக்கு ஒரு வாசற்படி, கூடத்திலிருந்து முற்றத்துக்கு ஓர் இறக்கம், கொல்லைக்கட்டில் கழிப்பறைக்கு மறுபடி ஒரு படி. அழகான வீடு; சக்கர நாற்காலிக்குக் கதவுக்குக் கதவு தடை. ஊர் மாவட்டத் தலைநகர் இல்லை என்பதால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் வேலையெல்லாம் 40 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூரில். ஆர்டிஓ மட்டும் உள்ளூரிலேயே, டிஎன் 68. 2028-இல் மகாமகம் வருகிறது. அந்த மாசி மாதத்தில் ஊருக்குள் காரில் போய்வரலாம் என்று நினைக்காதீர்கள்.

திருவாரூரை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, சேர்க்கலாம். 2010-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரியும் கலெக்டர் ஆபீஸும் விளமல் பக்கம் அருகருகே இருக்கின்றன. சான்றிதழ், சிகிச்சை இரண்டுக்கும் ஒரே ஆட்டோ போதும். நெரிசல் குறைவு. ஆனால் தட்டை நிலம், வயல் மண். பேஸ்மட்டப் பிரச்சினை இங்கே முழு வீச்சில் இருக்கும். நுணுக்கமான சிகிச்சைக்குத் தஞ்சாவூரோ திருச்சியோதான்.

மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமானது. சென்னைக்கு மெயின் லைனில் ரயில் வசதி நன்றாக இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. தொடர் சிகிச்சையில் இருப்பவருக்கு இது ஒன்றே வேண்டாம் என்று சொல்லப் போதும்.

கடலோரம் மலிவு என்று நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறங்குகிறவர்கள் நிலத்தடி நீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது அந்தப் பக்கமும் மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கமும் கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் தவித்தன. காரைக்கால் வீடு கிடைத்தால் ஒன்றை மறக்க வேண்டாம். மண் டெல்டாதான், ஆட்சி புதுச்சேரி. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு, மருத்துவக் காப்பீடு எதுவும் அங்கே குடியிருப்பவருக்குக் கிடையாது. வண்டிக்கும் பிஒய் நம்பர்.

ஊர் முடிவானதும் வீட்டைப் பார்க்க டேப் எடுத்துக்கொண்டு போங்கள். சாதாரண மடக்கு நாற்காலியின் மொத்த அகலம் 24 முதல் 26 அங்குலம். பெட்ரூம் கதவு மூன்றடி என்பார்கள். நிலையின் கட்டைகளைக் கழித்தால் 30 அங்குலம் நிற்கும், தாராளமாகப் போகும். மாட்டிக்கொள்வது பாத்ரூம். இரண்டரை அடிக் கதவு, நிலை போக 25 அங்குலம், அதிலும் திறந்த கதவின் கனம் ஓர் அங்குலத்தைத் தின்னும். உள் அளவைக் கதவைத் திறந்து வைத்தபடி அளக்க வேண்டும். அரை அங்குலம் போதாமல் போனால், வீட்டுக்காரரிடம் கேட்டு பிவிசி கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடலாம். அல்லது வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றலாம். உள்பக்கம் திறக்கும் கதவு இன்னொரு வகையிலும் கெடுதல்: உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. தண்ணீர் வெளியே வராமலிருக்க வைத்த குறுக்குக் கட்டு இரண்டு அங்குலம் இருந்தாலும் முன்சக்கரம் முட்டும். நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி வேண்டும். ஹாலில் சோபாவைப் போட்ட பிறகு அது மிஞ்சுமா என்று பாருங்கள்.

லிஃப்ட் உள்ள அபார்ட்மென்ட் என்றால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் ஓடுமா, பொது விளக்குக்கு மட்டுமா என்று கேளுங்கள். பராமரிப்பு மின்தடை என்று அறிவித்தால் காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறதென்றால் கணக்குப் போட்டுவிடுங்கள்: ஐந்து லிட்டர் மெஷின் 350 வாட் வரை இழுக்கும். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று நல்ல நிலையில் நாலு மணி நேரம் தாங்கும். எட்டு மணி நேரத் தடைக்கு இரண்டு பேட்டரி, கூடவே ஒரு சிலிண்டர்.

மின்மீட்டர் தனியா என்பதும் முக்கியம். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமில்லை, ரேட் அட்டவணையே மாறிவிடும். மாடியும் கீழும் ஒரே மீட்டரில் இருந்தால் இருவரும் சிக்கனமாக இருந்தாலும் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். யூனிட்டுக்கு இத்தனை என்று கைக்கணக்குப் போடும் வீட்டுக்காரரிடம் ஏமாறுவதும் இங்கேதான்.

அட்வான்ஸ் விஷயத்தில் பெங்களூரின் பத்து மாதப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். 2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகையைத்தான் அளவாக வைக்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்; சாய்தளம் போட, பாத்ரூம் கதவை மாற்ற அனுமதி உண்டு என்று அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பதிவான ஒப்பந்தம் கையில் இருந்தால் அடுத்த காகித வேலைகளும் சுலபம்.

அந்த வேலைகளுக்கு வரிசை உண்டு, மாற்றினால் அலைச்சல். முதலில் பழைய மாநில ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய சான்று. அது இல்லாமல் இங்கே புதுக் கார்டு விண்ணப்பம் நகராது, ஆகவே கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வந்ததும் ஆதார் முகவரி. பெயரை நீக்காதவரை ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் பழைய கார்டுக்கே இங்கே தானியம் வாங்கலாம், அந்தக் கார்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்தால். ஆனால் பெயர் நீக்கிய நாளிலிருந்து அந்த வழியும் அடைபடும் என்பதால் புதுக் கார்டு வரும்வரை கடையில் அரிசி வாங்கத் தயாராக இருங்கள். புதுக் கார்டு வந்த பிறகு வருமானச் சான்று, அதன்பின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அட்டை நாடு முழுக்கச் செல்லும். முகவரியை மட்டும் மாற்றினால் போதும். பராமரிப்புத் தொகை போன்ற மாநில உதவிகளுக்கு மாவட்ட அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பம். பழைய மாநிலத்தில் வாங்கிக்கொண்டிருந்த பென்ஷனை நிறுத்திய கடிதம் கேட்பார்கள். வண்டிக்கு 12 மாதம் அவகாசம். பழைய ஆர்டிஓவின் தடையின்மைச் சான்றோடு வந்து இங்கே வரி கட்டி நம்பர் மாற்றிக்கொண்டு, அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேளுங்கள்.

வீடு பார்க்க நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்த் தெருவில் நில்லுங்கள்; வீட்டுக்காரர் முட்டியளவு தண்ணீரில் இறங்கி வந்து வீட்டைத் திறந்து காட்டுகிறாரா, செருப்பு நனையாமல் வருகிறாரா என்பது தெரிந்துவிடும். மார்கழியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள் என்பதால் காலி வீடு காலியாகவே நிற்கும், வாடகை பேச வாய்ப்பு அப்போதுதான். அட்வான்ஸை அப்போதே கொடுத்துவிட்டு, பாத்ரூம் கதவு, சாய்தள வேலையை அந்த முப்பது நாளில் முடித்துக்கொண்டு, தை பிறந்ததும் சாமான் ஏற்றுங்கள்.