பழைய பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக்: கிட்டா, டோனர் பார்ட்ஸா, இல்ல டிரம்மே போதுமா?

முதல்ல ஒண்ணு, டிரம் பிரேக்னா வண்டி நிக்கவே நிக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு பாருங்க, அது பொய். நல்லா அட்ஜஸ்ட் பண்ண டிரம் முதல் தடவை மிதிக்கும்போது டிஸ்க்குக்கு குறையாம கடிக்கும், ஏன்னா சுத்துற டிரம்மே ஷூவ (உள்ள இருந்து டிரம்ம உரசி நிறுத்துற கட்டைய) தன்னோட இழுத்துட்டுப் போய் இன்னும் இறுக்கிக்கும், நம்ம காலுக்கு பாதி வேலை மிச்சம். பிரச்சனை ரெண்டாவது தடவை, மூணாவது தடவைதான். இறக்கத்துல தொடர்ந்து மிதிச்சுட்டே வந்தீங்கன்னா டிரம் சூடாகி விரியும், விரிஞ்சா ஷூவ விட்டு தள்ளிப் போகும், பெடல் கீழ கீழ போகும். டிஸ்க்ல ரோட்டர் (வீலோட சுத்துற தட்டு) சூடானா பேட் (அத ரெண்டு பக்கமும் கவ்வுற கட்டை) இருக்கிற பக்கமாத்தான் தடிக்கும், அதனால பெடல் அந்த மாதிரி இறங்காது. தண்ணியில இறங்கி ஏறுனா டிரம்முக்குள்ள நிக்கிற ஈரம் காயற வரைக்கும் ஒரு பக்கமா இழுக்கும், டிஸ்க் ரெண்டு சுத்துல தண்ணிய உதறிடும்.

அதனால வண்டிய மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து, வெறும் வண்டியா, மெதுவா ஓட்டிட்டு வந்து நிறுத்துறவங்களுக்கு நான் டிஸ்க் சொல்லவே மாட்டேன். புது ஷூ, புது வீல் சிலிண்டர், புது ஹோஸ், கூடவே மாஸ்டர் சிலிண்டர (பெடல் மிதிய ஆயில் பிரஷரா மாத்தறத) மட்டும் ரெண்டு அறை உள்ளதா மாத்திடுங்க. அது முக்கியம். செவர்லே பிக்கப்ல 1967க்கு முன்னாடி ஒரே அறைதான், எங்கயாச்சும் ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு வீலுக்கும் பிரேக் போச்சு. டிஸ்க் போடறதுக்கு முன்னாடி இத பண்ணாதவங்கள பார்த்தா எனக்கு கோவமே வரும், பளபளன்னு ரோட்டர் போட்டுட்டு உயிர ஒத்த ரப்பர் ஹோஸ்ல தொங்க விட்டிருப்பாங்க. அப்புறம் பழைய லைனிங் தூச காத்தடிச்சு ஊதாதீங்க, அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நனைச்சு துடைங்க.

சரி, ஹைவேல ஓட்டணும், பின்னாடி லோடு ஏத்தணும், அதனால டிஸ்க்தான் வேணும்னா முன் வீலுக்கு மூணு வழி இருக்கு. செவர்லே சி10ஐ வச்சே சொல்றேன், என்கிட்ட இருக்கிறது 1968.

முதல் வழி கிட். உங்க பழைய ஸ்பிண்டில் (முன் வீல் சுத்துற அச்சு) அப்படியே இருக்கும், அதுல ஒரு பிராக்கெட் போல்ட் பண்ணி, ஹப்போட ரோட்டர் மாட்டி, காலிப்பர் (பேட்ட அழுத்திப் பிடிக்கிற கவ்வி) தொங்க விடணும். வெல்டிங் கிடையாது, சஸ்பென்ஷன பிரிக்க வேண்டாம், பழையபடி ஆறு போல்ட் ரோட்டரும் கிட்லயே கிடைக்குது, உங்க வீல மாத்த வேண்டாம். நானும் இதுலதான் போனேன். கிட்டோட குறை அந்த பிராக்கெட்தான். காலிப்பர் ரோட்டருக்கு நடு சென்டர்ல உக்காரணும், இல்லன்னா ஷிம் (மெல்லிய தகடு) வச்சு சரி பண்ணணும், சில கிட்ல வீல் கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும், தாழ்வா இறக்குன வண்டின்னா டயர் ஃபெண்டர்ல உரசும். இன்னும் ஒண்ணு, கிட்ல வர்ற காலிப்பர், பேட், பேரிங் எல்லாம் எந்த வண்டியோட பார்ட்டுன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க, அஞ்சு வருஷம் கழிச்சு பேட் வாங்கப் போகும்போது உங்க வண்டி பேர சொன்னா கடைக்காரர் டிரம் ஷூதான் எடுத்துத் தருவார்.

ரெண்டாவது வழி டோனர் பார்ட்ஸ், அதாவது கம்பெனியே டிஸ்க் போட்டு வித்த வண்டியில இருந்து கழட்டுறது. சி10க்கு 1971ல முன்னாடி டிஸ்க் வந்துச்சு, அந்த ஸ்பிண்டில எடுத்து மாட்டலாம், இல்ல 1973ல இருந்து 1987 வரைக்கும் வந்த வண்டியோட கிராஸ்மெம்பரையே (முன் சஸ்பென்ஷன தாங்குற குறுக்குச் சட்டத்தையே) முழுசா இறக்கி ஏத்தலாம். நான் கிட் போட்டிருந்தாலும், கிட்டா டோனரான்னு மேல கேட்ட கேள்விக்கு பதில் இதுதான்னு இப்ப தோணுது. காலிப்பர், ஸ்பிண்டில், ஸ்டியரிங் ஆர்ம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி இன்ஜினியருங்க உக்காந்து பண்ணது, ஷிம் வேலையே இல்ல, பார்ட்ஸ் எங்க வேணா கிடைக்கும். ஸ்பிண்டில் மட்டும் மாத்துறீங்கன்னா பால் ஜாயிண்ட்டோட டேப்பர் (கூம்பு மாதிரி ஒடுங்குற முனை) ஒழுங்கா உக்காருதான்னு பார்த்துட்டு காசு குடுங்க. எடுத்துட்டு வந்த ஸ்பிண்டில்ல பேரிங் உக்கார்ற இடத்த நகத்தால தடவிப் பாருங்க, பள்ளம் தட்டுனா வேண்டாம். பெரிய தலைவலி என்னன்னா 1971ல டிஸ்க் வந்தப்ப ரெண்டு வீல் டிரைவ் சி10ல வீல் போல்ட்டும் ஆறுல இருந்து அஞ்சாச்சு. முன்னாடி அஞ்சு, பின்னாடி ஆறு, ஸ்டெப்னி எதுக்கு வைப்பீங்க? பின் ஆக்ஸிலையும் சேர்த்து மாத்துனாத்தான் இந்த வழிக்கு அர்த்தம். ஃபோர்டு எஃப்-100 காரங்க 2003க்கு அப்புறம் வந்த கிரவுன் விக்டோரியா காரோட முன் சஸ்பென்ஷன மொத்தமா எடுத்து அடியில வைக்கிறாங்க, ரேக் ஸ்டியரிங்கும் சேர்ந்தே வருது, ஆனா அங்கயும் இதே கதைதான், எஃப்-100ல போல்ட் வட்டம் (வீல் போல்ட்டுங்க நிக்கிற வட்டத்தோட விட்டம்) 5.5 இன்ச், காருக்கு 4.5.

மூணாவது டிராப் ஸ்பிண்டில் கிட், வண்டி முன்பக்கத்த தாழ்த்தற ஸ்பிண்டிலோட டிஸ்க்கும் சேர்ந்து வர்றது. வண்டிய எப்படியும் முன்னாடி இறக்கப் போறீங்கன்னா ஒரே செலவுல ரெண்டும் முடியும், ஸ்பிரிங்க வெட்டுற கொடுமையும் இல்ல. இறக்கற எண்ணம் இல்லன்னா இத விடுங்க. எந்த வழின்னாலும் வீல கழட்டி உள்பக்கம் இடம் அளந்துக்கோங்க, 14 இன்ச் வீல் வச்சிருந்தா காலிப்பர் இடிக்க நிறைய வாய்ப்பு, 15ல பெரும்பாலும் தப்பிச்சிடும்.

நாலு வீலுக்கும் டிஸ்க் போடலாமான்னு கேப்பீங்க. வெறும் பிக்கப்ல பின்னாடி வெயிட்டே கிடையாது, பிரேக் போட்டதும் இருக்கிற வெயிட்டும் முன்னாடி சாஞ்சிடும், பின் வீலுக்கு வேலை கம்மி. நல்ல டிரம் அதுக்கு தாராளம், ஹேண்ட் பிரேக்கும் பழைய கேபிள்லயே பிடிக்கும். பின் டிஸ்க் போட்டா ஹேண்ட் பிரேக்குக்கு தனியா அலையணும். அழகுக்குன்னா போடுங்க, நிக்கறதுக்குன்னா வேண்டாம்.

இப்ப எல்லாரும் கோட்டை விடற இடம். ரோட்டர் எதுன்னு பத்து நாள் யோசிப்பாங்க, மாஸ்டர் சிலிண்டர பத்தி பத்து நிமிஷம் யோசிக்க மாட்டாங்க. டிஸ்க்குக்கு தானா இறுக்கிக்கற குணம் கிடையாது, பிரஷர் முழுக்க உங்க கால்ல இருந்துதான் வரணும். கணக்கு சின்னதுதான்: பெடல் ரேஷியோ (கால் பலத்த பெடல் எத்தன மடங்காக்குதுங்கிறது) 6, கால் 40 கிலோ குடுத்தா பிஸ்டன்ல 240 கிலோ. மாஸ்டர் போர் (உள்விட்டம்) 1 இன்ச்னா லைன்ல கிட்டத்தட்ட 670 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தன பவுண்டுங்கிற பிரஷர் அளவு) வரும், அதே கால் 1 1/8 இன்ச் போர மிதிச்சா 530 சொச்சம்தான். பெருசா இருந்தா நல்லா பிடிக்கும்னு பெரிய போர் வாங்கி மாட்டிட்டு, பெடல் கல்லு மாதிரி இருக்கு ஆனா வண்டி நிக்கலையேன்னு புலம்பறவங்க கதை இதுதான். சின்ன போர்னா பெடல் கொஞ்சம் அதிகம் இறங்கும், பிரஷர் ஏறும். பூஸ்டர் (இன்ஜின் உறிஞ்சற வேக்கத்த வச்சு மிதிக்கு பலம் கூட்டறது) போட்டா பெரிய போர் சரி, ஆனா இன்ஜின்ல பாதரச அளவுல 18 இன்ச் வேக்கம் இருக்கணும், முரட்டு கேம் (வால்வுகள அதிகம் திறக்கற ஷாஃப்ட்) போட்ட இன்ஜின் ஐடிலிங்ல அத குடுக்காது, அங்க பூஸ்டர் வெறும் டப்பா.

அடுத்து வால்வு. டிரம்முக்கு லைன்ல 10 பிஎஸ்ஐ பிடிச்சு வைக்கற வால்வு பழைய மாஸ்டருக்குள்ளயே இருக்கும், அதையே டிஸ்க்குக்கு விட்டா பேட் ரோட்டர விடவே விடாது, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு இறங்கி வீல் பக்கத்துல கை வச்சா சுடும். மாஸ்டர் ஃப்ளோருக்கு அடியில இருக்கிற பழைய மாடல்னா டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு வேணும், இல்லன்னா காலிப்பர்ல இருந்து ஆயில் திரும்ப இறங்கிடும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மிதி மிதிக்கணும்.

என் கதையையும் சொல்லிடறேன், சிரிக்காதீங்க. எல்லாம் மாட்டி, ஒரு லிட்டர் பிரேக் ஆயில் ஊத்தி ப்ளீட் பண்ணியாச்சு (லைன்ல இருக்கிற காத்த வெளியேத்தியாச்சு), பெடல் பஞ்சு மாதிரியே இருக்கு. மாஸ்டர் போச்சுன்னு கழட்டி மாட்டுனேன், லைன் எல்லாம் டைட் பண்ணேன், ஒண்ணும் ஆகல. மறுநாள் காலையில டீ டம்ளரோட வீல் பக்கத்துல குந்தி பார்க்கறேன், காத்த வெளிய விடற ப்ளீடர் நிப்பிள் தரைய பார்த்துட்டு இருக்கு! இடது காலிப்பர வலதுலயும் வலது காலிப்பர இடதுலயும் மாட்டியிருக்கேன், காத்து மேல நின்னுகிட்டு நான் கீழ இருந்து ஆயில மட்டும் எடுத்துட்டு இருந்திருக்கேன். மாத்திப் போட்டதும் பத்து நிமிஷத்துல பெடல் கெட்டியாச்சு.

கடைசியா பின் டிரம்முக்குப் போற லைன்ல அட்ஜஸ்ட் பண்ற ப்ரொபோஷனிங் வால்வு (பின் வீலுக்குப் போற பிரஷர குறைக்கிறது) ஒண்ணு போட்டுக்கோங்க. ஆளே இல்லாத காலி இடத்துல, வண்டி காலியா இருக்கும்போது, மெதுவா ஆரம்பிச்சு வேகத்த ஏத்தி ஏத்தி அழுத்தி மிதிச்சுப் பாருங்க, வெளிய ஒருத்தர நிக்க வச்சு எந்த வீல் முதல்ல லாக் ஆகுதுன்னு பார்க்க சொல்லுங்க. பின் வீல் முதல்ல லாக் ஆனா வால சுழட்டிடும், குமிழ கொஞ்சம் கொஞ்சமா திருப்பி பின் பிரஷர குறைச்சுட்டே வாங்க, முன் வீல் முதல்ல லாக் ஆகற வரைக்கும்.