இரண்டரைக் கிலோ ரைபிளும் என் மூன்று தையலும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்களே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அதில் நியூசிலாந்து மலையில் போய் வேட்டையாட ஆசைப்படுகிறவர்கள் இன்னும் குறைவு. இருந்தாலும் எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய அதே ஈப்போ வேட்டைப் பயண ஏஜெண்டு மறுபடியும் ஆள் சேர்க்கிறார். போன வாரம் தங்கச்சி வீட்டுக்காரருக்கே விளம்பரம் வந்துவிட்டது.

எனக்கு 8 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை), ஒரு 12 போர் ஒற்றைக்குழல் சிதறுகுண்டுத் துப்பாக்கி. புதுக் கன்று நட்டால் காட்டுப்பன்றி வந்து தோண்டிக் குருத்தைத் தின்றுவிடும். அதற்கு வனவிலங்குத் துறை லைசென்ஸ் எடுத்துக் காத்திருப்பேன். பன்றி 30 மீட்டரில் நிற்கும், அவ்வளவுதான் என் தூரம். ரைபிளைக் கையால் தொட்டதில்லை. சாதாரண ஆளுக்கு இங்கே அது குதிரைக்கொம்பு. காற்றுத் துப்பாக்கியே 1960 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம்தான். இணையத்தில் விற்கிறார்களே என்று வாங்கி வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். எங்கள் ஊரில் துப்பாக்கிப் பேச்சு வந்தாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். 1948 ஜூனில் தோட்டத் துரைகள் மூன்று பேர் சுடப்பட்டு மலாயா அவசர காலம் தொடங்கியது இங்கேதானே.

அதனால் ஆசையை வெளிநாட்டில் தீர்த்துக்கொள்ளலாம் என்று நானும் ஹார்ட்வேர் கடை தவுக்கேயும் (முதலாளி) முடிவு செய்தோம். என் அக்கா மகன் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறான். அவனையே கேட்டிருக்கலாம். சொந்தக்காரப் பையனுக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைத்ததுதான் என் முதல் முட்டாள்தனம்.

ஏஜெண்டு வீட்டுக்கே வந்தார். நல்ல பேச்சு. “அண்ணே, நீங்க பூட்ஸ் மட்டும் கொண்டு வாங்க, மத்தது எல்லாம் நம்ம பொறுப்பு” என்றார். ஆளுக்கு 16,500 வெள்ளி (ரிங்கிட்). மலை ஏற எடை குறைந்த, தூரம் போகிற ரைபிள் வேண்டுமென்றால் மேலே 2,800. கார்பன் ஸ்டாக் (தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை), 6.5 கிரீட்மூர் தோட்டா, சைலன்சர், மொத்தமே இரண்டரைக் கிலோ, 600 மீட்டரில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்றார். அப்புறம் துப்பாக்கி லைசென்ஸ் கட்டணம் என்று 900. எனக்கு வயது 58, முட்டி அவ்வளவு சரியில்லை. இரண்டரைக் கிலோ என்றதும் மற்றது எதுவும் காதில் விழவில்லை.

போன மே மாதக் கடைசியில் போனோம். தெக்காப்போ ஏரிக்கு மேற்கே மலை அடிவாரத்தில் ஒரு தகரக் குடில், விடிகாலையில் தண்ணீர் வாளியில் பனிக்கட்டி. வழிகாட்டி ஒரு வெள்ளைக்கார இளைஞன், நல்ல பையன்தான். அவன் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் லைசென்ஸ் எங்கே?” எங்கள் பெயரில் யாரும் மனுவே போடவில்லை. அந்த நாட்டு 1983 ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாதவர் லைசென்ஸ் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில், அவர் பக்கத்திலேயே இருக்கும்போது சுடலாம். அதனால் வேட்டை நிற்கவில்லை. 900 வெள்ளி மட்டும் காற்றில் போனது.

அப்புறம் ரைபிள் வந்தது. ஸ்டாக்கில் கார்பன் கோடு கோடாக அழகாகத்தான் இருந்தது. கைப்பிடி ஓரத்தில் நகம் பட்டதும் உரிந்தது. நம் பையன்கள் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிளில் ஒட்டுவார்களே, அதே ஸ்டிக்கர். உள்ளே சாதாரண பிளாஸ்டிக். குழலில் எழுதியிருந்தது .300 வின்செஸ்டர் மேக்னம். குழல்வாயில் மரை இருந்தது, சைலன்சர் இல்லை. 24 அங்குலம் இருந்த குழலை எடை குறைய 20 ஆக வெட்டியிருக்கிறார்கள் என்று வழிகாட்டியே சொன்னான். அவனுக்கும் ஏஜெண்டு அனுப்பி வைத்த துப்பாக்கிதானாம் அது.

எடையில் மட்டும் பொய் இல்லை. வெறும் ரைபிள் இரண்டரைக் கிலோவை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் வெறும் ரைபிளை யாரும் மலைக்குத் தூக்கிப் போவதில்லை. குறிபார்க்கும் ஸ்கோப் முக்கால் கிலோ, அதைப் பிடிக்கும் வளையம், குழலைத் தாங்கும் முன்னங்கால், தோள்வார், தோட்டா எல்லாம் சேர்ந்து தவுக்கேயின் பெட்டி தூக்கும் தராசில் நான்கு கிலோவைத் தொட்டது. விளம்பரத்தில் எடை பார்த்தால் எது எது சேர்த்த எடை என்று கேளுங்கள்.

இன்னொன்றை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன். துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும். குண்டு முன்னால் போகிற வேகத்துக்கு எதிர்த்தள்ளு பின்னால் வரும், அதை வாங்கிக்கொள்ளத் துப்பாக்கியில் எடை வேண்டும். மலை வேட்டைக்காரர்கள் இலேசான ரைபிளுக்கு 6.5 கிரீட்மூர் போன்ற அடக்கமான தோட்டாவைத் தேடுவது இதற்காகத்தான். 2007இல் வந்த தோட்டா அது. நீண்ட ஒல்லியான குண்டு, காற்றை நன்றாகக் கிழிக்கும். 1963இல் வந்த .300 மேக்னம் அதைவிட எவ்வளவோ பலசாலி. ஒரே எடையுள்ள ரைபிளில் அதன் உதைச் சக்தி கிரீட்மூரைப் போல இரண்டு மடங்கு இருக்கும். கனமான ரைபிளில், உதையைக் குறைக்கும் குழல்வாய் பிரேக்கோடு சுடுகிறவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். எனக்குக் கொடுத்தது இலேசான ரைபிள், மொட்டைக் குழல், மேக்னம் தோட்டா.

ஏஜெண்டுக்கு வாட்சாப்பில் கேட்டேன். “12 போர் அடிக்கிற ஆளுக்கு இதெல்லாம் கொசுக்கடி அண்ணே” என்று பதில்.

முதல் தோட்டாவிலேயே ஸ்கோப் வந்து வலது புருவத்தைப் பிளந்தது. கண்ணை ஸ்கோப்புக்கு மிக அருகில் வைத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஒற்றைக்குழலில் ஸ்கோப் ஏது, பழக்கமில்லை. கீழே இறங்கி மூன்று தையல். அதற்குப் பிறகு விசையைத் தொட்டாலே கண் தானாக மூடிக்கொண்டது. பயந்த கை சுட்டால் குண்டு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. குறி சரிபார்க்க இன்னும் நாலு தோட்டா சுடலாமா என்றேன். இரண்டே பெட்டிதான் அனுப்பியிருக்கிறார் என்றான் பையன். அதிலும் ஒன்று 150 கிரெயின் குண்டு, மற்றது 180. எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் எதிர்ச் சரிவில் தார் கிடா ஒன்று நின்றது. இமயமலை ஆடு, 1904இல் அங்கே கொண்டுபோய் விட்டது. பிடரியெல்லாம் சடை தொங்க, குளிர்காலக் கோலம். நம் நீலகிரி வரையாட்டை ஒருகாலத்தில் இதே பேரினத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். தூரமானி 380 மீட்டர் காட்டியது. 200 மீட்டருக்குக் குறி வைத்த குண்டு 400 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய இரண்டடி கீழே இறங்கிவிடும். காற்று அடித்தால் பக்கவாட்டில் ஒரு அடிகூட நகரும். 600 மீட்டரில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்றவர் இந்தக் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை. வழிகாட்டி ஸ்கோப்பைத் திருகிக் கொடுத்தான். சுட்டேன். தொப்பென்று சத்தம் கேட்டது. கிடா பின்னங்காலை இழுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனது.

இருட்டும்வரை தேடினோம். பனியில் ரத்தம் கொஞ்ச தூரம் வந்தது, பிறகு கற்சரிவில் மறைந்தது. மறுநாள் காலையிலும் போனோம். கிடைக்கவில்லை. பன்றியைச் சுட்டிருக்கிறேன், ஆனால் இப்படி ஓர் உயிரைப் பாதியில் விட்டதில்லை. பணம் போனதைவிட இதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தத் தூரத்தில் சுடமாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் அக்கா மகன் வந்து பார்த்தான். அவன் அங்கே லைசென்ஸ் உள்ளவன். ஸ்கோப் உட்காரும் அடித்தட்டைப் பிடித்து அசைத்தான், ஆடியது. திருகு இரண்டு கழன்று கிடந்தது. சுடும் மைதானத்தில் 100 மீட்டரில் மூன்று தோட்டா சுட்டான். மூன்றும் ஒரு சாணுக்குள்கூட விழவில்லை. “மாமா, இதை வெச்சு 100 மீட்டர்லகூட ஆடு சுடக்கூடாது. எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா என் ரைபிளையே குடுத்திருப்பேனே” என்றான். அவனுடையது சைலன்சர், ஸ்கோப் எல்லாம் சேர்த்து நாலேகால் கிலோ. தூக்கிப் பார்த்தேன். அந்தக் கால் கிலோ என் முட்டிக்குத் தெரியவே இல்லை.

ஊர் வந்து ஏஜெண்டைக் கூப்பிட்டால், “ரைபிள் நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க சரியா சுடல அண்ணே” என்றார். நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில், இருப்பில் உள்ள துப்பாக்கி வழங்கப்படும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். விசாரித்ததில், சுற்றுப்பயணம் நடத்துகிறவர்கள் சுற்றுலா அமைச்சில் எடுக்க வேண்டிய உரிமமே அவரிடம் இல்லை. போவதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டியது அது. ரைபிளின் மாடலும் தோட்டாவின் பெயரும் தாளில் எழுத்தாக இருக்கிறதா, மலை ஏறுமுன் அதே தோட்டாவால் குறி சரிபார்க்க விடுவார்களா என்றும் கேட்டிருக்க வேண்டும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போட்டிருக்கிறேன். 50,000 வெள்ளி வரைக்குமான வழக்கை வக்கீல் இல்லாமலே அங்கே பேசலாம். தவுக்கேயும் தனியாகப் போட்டிருக்கிறார்.

தங்கச்சி வீட்டுக்காரர் காட்டிய புது விளம்பரத்தில் ரைபிளோடு சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான். கீழே “மனநிறைவான வாடிக்கையாளர்” என்று போட்டிருக்கிறார்கள். புருவத்தில் இருந்த பிளாஸ்திரியை மட்டும் அழகாக அழித்துவிட்டிருக்கிறார்.