விக்கிப்பீடியாவின் இசைக்குழு அளவுகோல் ஸ்கா-பங்க்குக்குச் சரிவருமா?

ஒரு இசைக்குழுவுக்குத் தனிக் கட்டுரை இருக்கலாமா என்று முடிவுசெய்ய ஆங்கில விக்கிப்பீடியா ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதை இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரைச் சேர்ந்த கேப்டவுன் (Capdown) என்ற ஸ்கா-பங்க் குழுமேல் (ஜமைக்காவின் ஸ்கா இசையும் பங்க் ராக்கும் கலந்த பாணி) வைத்துப் பார்த்தால் அதன் பலமும் ஓட்டையும் ஒருசேரத் தெரியும்.

அளவுகோலில் உள்ள நிபந்தனைகளில் ஒன்று தேறினாலே கட்டுரைக்கு இடம் கிடைக்க வாய்ப்புண்டு: தேசிய விற்பனைப் பட்டியலில் இடம், விற்பனைக்கான தங்கச் சான்று, முக்கியமான இசை வெளியீட்டு நிறுவனம் வழியாக இரண்டு ஆல்பங்கள் என்று அது நீளும். கேப்டவுனின் முதல் இரண்டு ஆல்பங்களும் (2000, 2001) லண்டனின் ஹவுஸ்ஹோல்ட் நேம் ரெக்கார்ட்ஸ் வெளியீடு. சிறிய நிறுவனம்தான். ஆனால் 'முக்கியமான' என்பதற்கு அளவு விற்பனை அல்ல; சில வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறும், தனித்தே கவனம் பெற்ற பல கலைஞர்களும் இருக்கவேண்டும். இந்த விதி அருமை. பெரிய கம்பெனி பக்கம் போகாத இசைக்கு இதுவே வாசல்.

சறுக்குவது ஆதாரத்தில். குழுவின் சொந்தத் தளம், நிகழ்ச்சி அறிவிப்பு, நிறுவனத்தின் செய்திக்குறிப்பு எதுவும் கணக்கில் வராது. 2000 வாக்கில் வந்த விமர்சனங்களில் பல அச்சு இதழ்களோடு நின்றுவிட்டன. கூகுளில் மட்டும் தேடுபவர் "ஒன்றுமே இல்லை" என்று கட்டுரையை நீக்கக் கோரிவிடுவார். ஆனால் அச்சு இதழும் செல்லும் ஆதாரமே. இதழின் பெயர், தேதி, பக்க எண் கொடுத்தால் போதும், இணைப்பு கட்டாயமில்லை. செத்துப்போன தளங்களை இணைய ஆவணக் காப்பகத்தில் (Internet Archive) தேடுங்கள்.

நீக்க விவாதம் வழக்கமாக 7 நாள். அங்கே தலை எண்ணுவதில்லை, வாதத்தைத்தான் எடைபோடுகிறார்கள். "நல்ல பேண்ட், வைத்திருங்கள்" என்பது செல்லாது. சுயேச்சையான, விரிவான இரண்டு மூன்று கட்டுரைகள் செல்லும். அவ்வளவு தேறாவிட்டால் வெளியீட்டு நிறுவனத்தின் விக்கிப்பீடியா பக்கத்துக்கு வழிமாற்றக் கேளுங்கள் (குழுவின் பெயரைத் தேடுபவர் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார்), பழைய எழுத்து பக்கத்தின் திருத்த வரலாற்றில் அழியாமல் இருக்கும்.